தலைவர்களின் நோயும் தலைநகரின் ஊகமும்

புது தில்லி: 1979-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்ற செய்தியை நாடாளுமன்றத்தில் அறிவித்தார் பிரதமர் மொரார்ஜி தேசாய். அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலியின் வழக்கமான நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. ஆனால், பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் படுத்திருந்த ஜெயப்பிரகாஷ் நாராயணின் இதயம் அப்போதும் துடித்துக் கொண்டிருந்தது. அவர் மறைந்தது அதற்கு ஆறு மாதங்களுக்கும் மேலாகக் கழிந்து, அக்டோபர் 8-ஆம் தேதிதான்.

உலகின் வேறு எந்த நாடாளுமன்றத்திலும் எளிதில் காண முடியாத அந்த நிகழ்ச்சியை மைய மண்டபத்தில் பழைய உறுப்பினர்கள் வெகுகாலம் நினைவுகூர்ந்து வந்தனர். தெருவோர வதந்தியாக இருந்திருந்தால் அது மாலைக்குள் அடங்கியிருக்கும். அரசின் உயர்ந்த பீடத்திலிருந்தே வந்ததால் அது வரலாறாகிவிட்டது. ஜே.பி.யின் உடல்நிலை பற்றிய செய்தி அதற்கு முன்பே அரசியலாகியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், 1975 நவம்பரில் விடுவிக்கப்பட்டபோது சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்த அந்நாளில், அவருக்கு என்ன நேர்ந்தது என்று நாட்டுக்கு உரிய முறையில் தெரிவிக்கப்படவில்லை. மறைக்கப்பட்ட உண்மையிலிருந்து தொடங்கிய கதை, அவசரப்பட்டு அறிவிக்கப்பட்ட பொய்யில் வந்து நின்றது.

பொதுவாழ்வில் இருப்பவர் நோய்வாய்ப்பட்டால் அதை மக்களுக்கு எவ்வளவு தூரம் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு, அதன் பிறகு வந்த எந்த ஆட்சியும் தெளிவான விடை கண்டதில்லை.

காலி இருக்கை கிளப்பும் கேள்வி:

தில்லியில் இத்தகைய ஊகங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் தொடங்குவதில்லை. காலியாக இருக்கும் ஓர் இருக்கையில்தான் தொடங்குகின்றன. கூட்டத்தொடர் நடக்கும்போது ஒரு மூத்த தலைவர் தொடர்ந்து நான்கு நாள்கள் அவைக்கு வராவிட்டால் நாடாளுமன்றத் தேநீர் மேஜைகளில் பேச்சு எழும். மறுநாள் அது கட்சி அலுவலகங்களை எட்டும். அதற்கடுத்த நாள் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமான எய்ம்ஸ் மருத்துவமனையின் வாயிலில் தொலைக்காட்சி வேன்கள் வந்து நிற்கும்.

உறுப்பினர் ஒருவர் அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள்களுக்கு எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அவரது இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 101-ஆவது பிரிவு. எனவே நோயுற்ற உறுப்பினர் விடுப்புக் கோரிக் கடிதம் எழுதியாக வேண்டும். மாநிலங்களவையில் அவைத் தலைவர் அதை அவைக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறுகிறார். மக்களவையில் இதற்கென்றே ஒரு குழு உள்ளது. 'உடல்நலக் குறைவு' என்ற இரண்டு சொற்களோடு விஷயம் முடிந்துவிடும். என்ன நோய், எங்கே சிகிச்சை என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்பதில்லை. அரசியலில் எதுவும் மிச்சம் வைக்காமல் சண்டையிடும் அவை, இந்த ஒன்றில் மட்டும் எழுதப்படாத ஒரு நாகரிகத்தைக் காத்து வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அவையின் நாகரிகம் அவையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. 2013 ஆகஸ்ட் 26-ஆம் தேதி உணவுப் பாதுகாப்பு மசோதா மீது மக்களவையில் வாக்கெடுப்பு நடந்த இரவில், அந்த மசோதாவுக்காகப் பெரிதும் போராடிய காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி உடல்நலம் குன்றி அவையைவிட்டு வெளியேறி எய்ம்ஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மசோதா நிறைவேறிய செய்தியைக் காட்டிலும் அவர் காரில் ஏறிய காட்சியே தொலைக்காட்சிகளில் அதிகம் ஓடியது.

அதற்கு ஒரு பின்னணி இருந்தது. 2011 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்து கொண்டிருந்தபோது, சோனியா காந்தி வெளிநாட்டில் அறுவைச் சிகிச்சை செய்து கொள்கிறார் என்று கட்சியின் பொதுச் செயலாளர் ஜனார்தன் துவிவேதி அறிவித்தார். அவர் இல்லாத நாள்களில் கட்சிப் பணிகளைக் கவனிக்க ராகுல் காந்தி, ஏ.கே. அந்தோணி, அகமது படேல், துவிவேதி ஆகிய நால்வர் பொறுப்பேற்பார்கள் என்றும் தெரிவிக்கப்பட்டது. எந்த நோய், எந்த மருத்துவமனை என்ற விவரங்கள் தரப்படவில்லை. அது அவரது தனிப்பட்ட விஷயம், அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்று கட்சி கேட்டுக்கொண்டது.

எதிர்க்கட்சித் தலைவர்கள் அவர் நலம் பெற வாழ்த்தினர். பத்திரிகைகளும் பெரும்பாலும் அடக்கம் காத்தன. ஆனால் அதே ஆகஸ்டில்தான் அண்ணா ஹசாரே கைது செய்யப்பட்டதும், ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்ததும், அரசு தடுமாறியதும் நிகழ்ந்தன. ஆளும் கூட்டணியின் தலைவர், தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவர் என்ற இரண்டு பொறுப்புகளை வகித்தவர் நாட்டில் இல்லாத நேரம் அது. அவர் இருந்திருந்தால் அரசு வேறு விதமாக நடந்திருக்குமோ என்று காங்கிரஸாரே பேசிக்கொண்டனர். செப்டம்பர் 8-ஆம் தேதி அவர் நாடு திரும்பினார். நோயின் பெயர் தெரியாததால் எந்தக் குடிமகனுக்கும் எந்த இழப்பும் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பு அந்த ஐந்து வாரங்களில் யாரிடம் இருந்தது என்பது விளங்காததே சிக்கலாக இருந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் விவாதம் ஒவ்வொரு முறையும் வழி தவறிப் போகிறது.

கோவாவின் ஓராண்டு:

இந்த வேறுபாட்டைக் கோவா மாநிலம் அறிந்ததைப் போல வேறு எந்த மாநிலமும் அறிந்திருக்க முடியாது. 2017 தேர்தலில் 40 உறுப்பினர் சட்டப் பேரவையில் காங்கிரஸ் 17 இடங்களையும் பாஜக 13 இடங்களையும் பெற்றன. மனோகர் பாரிக்கர் முதல்வராக வந்தால்தான் ஆதரவு என்று சிறு கட்சிகள் கூறியதால், பாதுகாப்பு அமைச்சர் பதவியை விட்டு அவர் பனாஜி திரும்பினார். ஆக, அந்த அரசு ஒரு கட்சியின் பலத்தில் நிற்கவில்லை. ஒரு மனிதரின் உடலில் நின்றது.

2018 பிப்ரவரியில் அவர் மும்பை லீலாவதி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அங்கிருந்து திரும்பிய கையோடு பேரவையில் நிதிநிலை அறிக்கையைச் சுருக்கமாக வாசித்தார். மார்ச்சில் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றார். முதல்வர் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மூன்று அமைச்சர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஜூனில் திரும்பினார். மீண்டும் அமெரிக்கா. செப்டம்பரில் தில்லி எய்ம்ஸ். அந்தச் செப்டம்பரில்தான், நோயுற்றிருந்த காரணத்தால் பணியாற்ற இயலாத நிலையில் இருந்த இரண்டு அமைச்சர்கள் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். மருத்துவமனையில் இருக்கும் முதல்வரின் அமைச்சரவையிலிருந்து மருத்துவமனையில் இருக்கும் அமைச்சர்கள் நீக்கப்பட்ட விசித்திரத்தை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. அக்டோபரில் கோவா அமைச்சர்கள் விமானம் ஏறி எய்ம்ஸுக்கே வந்து முதல்வருடன் ஆலோசனை நடத்தினர்.

இத்தனை மாதங்களிலும் நோய் இன்னது என்று அரசு வாய் திறக்கவில்லை. அக்டோபர் 27-ஆம் தேதி, சுகாதார அமைச்சர் விஸ்வஜித் ராணே, முதல்வருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று வெளிப்படையாகக் கூறினார். குடும்பத்தாருடன் அவரை அமைதியாக இருக்க விடுங்கள் என்பதும் அவரது வேண்டுகோள். ஆனால் முழுநேர முதல்வர் வேண்டும் என்று கோரி நவம்பரில் மக்கள் பாரிக்கரின் வீட்டை நோக்கிப் பேரணி சென்றனர். உடல்நிலை விவரங்களை வெளியிட உத்தரவிடக் கோரி மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டி மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

டிசம்பரில் மாண்டோவி ஆற்றுப் பாலப் பணிகளைப் பார்வையிட வந்த பாரிக்கரின் மூக்கில் குழாய் செருகப்பட்டிருந்தது. அந்தப் படம் நாடெங்கும் பரவியது. கடமை உணர்வின் உச்சம் என்று ஒரு சாரார் புகழ்ந்தனர். இந்த நிலையில் இருப்பவரை வெளியே அழைத்து வருவது மனிதத்தன்மையற்ற செயல் என்று மற்றொரு சாரார் சாடினர். 2019 ஜனவரி 30-ஆம் தேதி அதே குழாயுடன் அவர் பேரவையில் நிதிநிலை அறிக்கையை அளித்தார். முந்தைய நாள் அவரை நலம் விசாரிக்கச் சென்ற ராகுல் காந்தி, அடுத்து ரஃபேல் விவகாரத்தில் பாரிக்கரை மேற்கோள் காட்டிப் பேச, ஐந்து நிமிடச் சந்திப்பில் ரஃபேல் பற்றிப் பேச்சே எழவில்லை, நலம் விசாரிக்க வந்ததை அரசியலாக்கிவிட்டீர்கள் என்று பாரிக்கர் வருந்திக் கடிதம் எழுதினார். நோயாளியின் அறைக்குள் நடந்த உரையாடல்கூடத் தப்பவில்லை.

மார்ச் 17-ஆம் தேதி அவர் காலமானார். 19-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணியளவில் பிரமோத் சாவந்த் முதல்வராகப் பதவியேற்றார். ஓராண்டாகத் தள்ளிப்போடப்பட்ட முடிவு, இறுதிச் சடங்கு முடிந்த சில மணி நேரங்களில் எடுக்கப்பட்டது.

சாசனம் சொல்வதும் சொல்லாததும்:

குடியரசுத் தலைவர் நோயுற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அரசியல் சாசனத்தின் 65-ஆவது பிரிவு வழி சொல்கிறது. குடியரசு துணைத் தலைவர் அப்பணிகளைக் கவனிப்பார். 1961-இல் ராஜேந்திர பிரசாத் கடுமையாக நோயுற்றபோது டாக்டர் ராதாகிருஷ்ணன் அவ்வாறு கவனித்தார். பிரதமருக்கோ முதல்வருக்கோ அப்படி ஒரு பிரிவு கிடையாது. 1964 ஜனவரியில் புவனேசுவரம் காங்கிரஸ் மாநாட்டில் ஜவாஹர்லால் நேருவுக்குப் பக்கவாதம் தாக்கியபோது லால் பகதூர் சாஸ்திரி இலாகா இல்லாத அமைச்சராகச் சேர்த்துக் கொள்ளப்பட்டார். நேருவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி மே 22-ஆம் தேதிச் செய்தியாளர் சந்திப்பிலும் எழுந்தது. தமது வாழ்வு அவ்வளவு விரைவில் முடிந்துவிடாது என்றார் நேரு. மே 27-ஆம் தேதி பிற்பகலில் அவரது மரணம் மக்களவையில் அறிவிக்கப்பட்டது.

2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது நிலைமை மேலானதாக இருந்தது. சிகிச்சை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, மருத்துவ அறிக்கைகள் வெளியாயின. அமைச்சரவைக் கூட்டங்களுக்குப் பிரணாப் முகர்ஜி தலைமை வகித்தார். குடியரசு தினத்தன்று அமர் ஜவான் ஜோதியில் பிரதமருக்குப் பதிலாகப் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி மலர்வளையம் வைத்தார். ஆயினும் 'பொறுப்புப் பிரதமர்' என்ற சொல் அதிகாரபூர்வமாக எங்கும் பயன்படுத்தப்படவில்லை. 2018-இல் அருண் ஜேட்லி சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்தபோது, நிதியமைச்சகப் பொறுப்பைப் பியூஷ் கோயல் கூடுதலாகக் கவனித்தார். பிரதமர் அலுவலக இணையதளம் ஜேட்லியை இலாகா இல்லாத அமைச்சர் என்றது. நிதியமைச்சக இணையதளம் அவரே நிதியமைச்சர் என்றது. நாட்டின் நிதியமைச்சர் யார் என்று காங்கிரஸ் கேலி செய்தது. கேலிதான் என்றாலும் நியாயமான கேள்வி.

தேர்தலில் நிற்பவர் சொத்து, கடன், குற்ற வழக்குகள், கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். உடல்நிலை பற்றி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேருகிறவர் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டிய நாட்டில், அமைச்சராகப் பதவியேற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இரு பக்கமும் இடமிருக்கிறது. பொதுப் பதவி வகிப்பவர் தமது அலுவல் சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கப் போர்வை கோர முடியாது என்று 1994-இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்து வார இதழ் ஒன்றின் வழக்கு நாடு முழுமைக்குமான நெறியானது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. மருத்துவர்களை ரகசியம் காக்கும் கடமை கட்டுப்படுத்துகிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் உள்ள விலக்கு, பொதுநலன் மேலோங்கினால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று முதலில் கூறியது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனையை அப்பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. பொதுநலன் கருதித் தகவல் தர இடமளிக்கும் 8(2) பிரிவு மட்டும் எஞ்சியிருக்கிறது.

தாமே சொன்னவர்:

இவற்றுக்கெல்லாம் அப்பால் நின்றவர் சுஷ்மா ஸ்வராஜ். 2016 நவம்பர் 16-ஆம் தேதி, வெளியுறவு அமைச்சராக இருந்த அவர், தமது சிறுநீரகங்கள் செயலிழந்து எய்ம்ஸில் ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுவதாகவும், மாற்றுச் சிகிச்சைக்கான பரிசோதனைகள் நடப்பதாகவும் ட்விட்டரில் தாமே எழுதினார். அதற்கு முன் சில நாள்களாகச் சுற்றிக்கொண்டிருந்த ஊகங்கள் ஒரே நொடியில் பயனற்றுப் போயின. முகம் தெரியாத பலர் தங்கள் சிறுநீரகத்தைத் தர முன்வந்தனர். முஸ்லிம் ஒருவர் அவ்வாறு முன்வந்தபோது, சிறுநீரகத்துக்கு மத முத்திரை கிடையாது என்று அவர் நன்றி கூறினார். டிசம்பர் 10-ஆம் தேதி சிகிச்சை நடந்தது. பின்னர் உடல்நிலையைக் கூறியே, 2019 தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். அவர் சொன்னவை நான்கைந்து வரிகள்தான். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை.

பதவியில் இல்லாதவரின் நிலை வேறு. 2009-இல் பக்கவாதத்துக்குப் பின் அடல் பிஹாரி வாஜ்பாய் பொதுமக்கள் பார்வையிலிருந்து முற்றிலும் விலகினார். 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி மரபைத் தளர்த்தி, வாஜ்பாயின் இல்லத்துக்கே சென்று பாரத ரத்னா விருதை வழங்கினார். அப்போது வெளியான படத்தில் வாஜ்பாயின் முகம் முழுமையாகத் தெரியவில்லை. நாடே பேச்சைக் கேட்டு மயங்கிய ஒருவரைப் பேச்சிழந்த நிலையில் காட்ட வேண்டாம் என்ற எண்ணத்தை எல்லாத் தரப்பினரும் மதித்தனர். அந்த மரியாதை அவருக்கு ஒன்பது ஆண்டுகள் கிடைத்தது. கடைசி நாளில் மட்டும் பொறுமை இழக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் 16-ஆம் தேதி எய்ம்ஸ் அறிவிக்கும் முன்பே ஒரு மாநில ஆளுநர் இரங்கல் செய்தி வெளியிட்டு, பின்னர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிரணாப் முகர்ஜி ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது அவரது மரணம் பற்றிய பொய்ச் செய்தி பரவியது. தந்தை உயிரோடு இருக்கிறார் என்று மகன் அபிஜித் முகர்ஜி மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஊடகங்கள் பொய்ச் செய்தித் தொழிற்சாலையாகிவிட்டன என்றும் அவர் கடிந்துகொண்டார். பிரணாப் மறைந்தது ஆகஸ்ட் 31-ஆம் தேதி.

மன்மோகன் சிங்குக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 2021 அக்டோபரில் காய்ச்சலுடன் எய்ம்ஸில் இருந்த 89 வயது முன்னாள் பிரதமரை நலம் விசாரிக்க வந்த மத்திய சுகாதார அமைச்சர், புகைப்படக்காரரையும் அழைத்து வந்தார். வெளியே செல்லுமாறு மன்மோகன் சிங்கின் மனைவி கூறியும் புகைப்படக்காரர் பொருட்படுத்தவில்லை என்று மகள் வேதனை தெரிவித்தார். தம் பெற்றோர் முதியவர்கள், உயிரியல் பூங்கா விலங்குகள் அல்லர் என்றார் அவர். படங்கள் பின்னர் நீக்கப்பட்டன. நோயாளிகளின் உரிமைகளைக் காக்க வேண்டிய அமைச்சகமே இதைச் செய்தது என்பதுதான் கொடுமை. 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி தில்லி நிர்வாகம் தொடர்பான மசோதா மீது வாக்களிக்க அவர் சக்கர நாற்காலியில் மாநிலங்களவைக்கு வந்தபோதும் இதே காட்சி. காங்கிரஸ் அதை ஜனநாயகப் பற்று என்றது; பாஜக அதை வெட்கக்கேடு என்றது. வந்தவர் எதுவும் பேசவில்லை.

இவை யாவும் நோயை மறைத்ததாலோ வெளிச்சமிட்டதாலோ எழுந்த சிக்கல்கள். 2025 ஜூலை 21-ஆம் தேதி நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். குடியரசு துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் மாநிலங்களவையை வழக்கம்போல நடத்தினார். அலுவல் ஆய்வுக் குழுவின் கூட்டத்துக்கும் தலைமை வகித்தார். அன்று இரவு, உடல்நலத்துக்கு முன்னுரிமை அளிக்கவும் மருத்துவ ஆலோசனைப்படி நடக்கவும் உடனடியாகப் பதவி விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் அனுப்பினார். அதே மார்ச்சில் நெஞ்சுவலியால் எய்ம்ஸில் சிகிச்சை பெற்றவர் அவர். எனவே காரணத்தை நம்ப இடமிருந்தது. ஆனால் எதிர்க்கட்சிகள் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரிவதைவிட இதில் அதிகம் இருக்கிறது என்றார் காங்கிரஸின் ஜெய்ராம் ரமேஷ். பிரதமர் அவர் நல்ல உடல்நலம் பெற வாழ்த்திச் சுருக்கமாக ஒரு செய்தி வெளியிட்டார்.

நோய் உண்டா என்று ஊகிப்பதே தில்லியின் வழக்கம். நோய் இல்லையோ என்று ஊகித்தது இம்முறை. மறுநாள் காலை மாநிலங்களவை கூடியபோது தலைவர் இருக்கையில் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அமர்ந்திருந்தார். எதிர்க்கட்சிகளின் அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டது.